முலாமுக்குக் கீழே என்ன இருக்கிறது?

வீடு கட்டுவோர் அடித்தளத்திற்கு எத்தனை மூட்டை சிமெண்டு தேவை என்று கணக்குப் பார்ப்பார்கள். கம்பியை எடைபோட்டு வாங்குவார்கள். நிலைக்கதவுக்குத் தேக்கு நல்லதா, வேங்கை நல்லதா என்று ஊரெல்லாம் விசாரிப்பார்கள். ஆனால், வேலை முடியும் தறுவாயில், கைப்பணம் கரைந்து மனமும் களைத்திருக்கும் வேளையில், குளியலறைச் சாமான்கள் விற்கும் கடைக்குள் நுழைந்ததும் அந்த விசாரணையெல்லாம் மறந்துபோகிறது. விளக்கொளியில் வெள்ளியாகவும் பொன்னாகவும் கறுப்பாகவும் மின்னும் குழாய்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஒரு மணி நேரத்திற்குள் தேர்வு முடிந்துவிடுகிறது.

ஜித்தாவிலும் துபையிலும் குவைத்திலும் ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து உழைத்தவரின் பணம் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் விடுமுறையில் ஊர் வரும்போது, அதே ஷவரின் முகத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். கைப்பிடியின் ஓரத்தில் கொப்புளம். அதன் அடியில் பச்சைக் களிம்பு. "தண்ணீர் சரியில்லை" என்கிறார் கடைக்காரர். "சாமான் சரியில்லை" என்கிறார் பிளம்பர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதரசாவில் பாடம் நடத்துபவனுக்குக் குழாய்க் கடையில் என்ன வேலை என்று வாசகர்கள் எண்ணக்கூடும். நம் ஃபிக்ஹு நூல்கள் எந்தப் பாடத்தில் தொடங்குகின்றன என்பதைச் சற்று நினைவுகூருங்கள். தொழுகைக்கு முன்னர் தூய்மை. தூய்மையில் முதலாவது, தண்ணீரின் வகைகள். அதை அடுத்துப் பாத்திரங்கள். எந்தத் தண்ணீர், எந்தப் பாத்திரம் என்னும் வினாக்களைக் கடந்த பின்னரே மாணவன் ஒளுவின் கடமைகளுக்குச் செல்கிறான். இன்றைய வீட்டில் அந்தப் பாத்திரத்தின் இடத்தைப் பிடித்திருப்பவை குழாயும் ஷவருமே. ஆகவே, இவற்றைப் பற்றிய கேள்விகள் எங்களிடமும் வந்து சேர்கின்றன.

கிண்டியும் ஈயப் பூச்சும்

முலாம் என்பது நமக்குப் புதியதன்று. ஒளுச் செய்வதற்கென்று மூக்கு வைத்த பித்தளைக் கிண்டி இருந்த வீடுகள் நம் ஊர்களில் பல உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மஞ்சள் உலோகத்தாலான பாத்திரமொன்றிலிருந்து ஒளுச் செய்த செய்தியை அப்துல்லாஹ் பின் ஸைத் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் புகாரி அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். பித்தளையும் செம்பும் நம் வழிபாட்டோடு அத்தனை பழமையான உறவு கொண்டவை.

சமையலுக்கான பித்தளைப் பாத்திரங்களுக்கு மட்டும் உட்புறத்தில் ஈயம் பூசுவார்கள். தெருவில் ஈயம் பூசுபவர் வந்து துருத்தி ஊதி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைத் துணியால் துடைத்துப் பரப்புவார். பழுத்த பாத்திரம் கண்ணெதிரே வெள்ளியாக மாறும். ஆயினும், நம் பாட்டிமார்கள் ஒருபோதும் அதை வெள்ளி என்று நம்பியதில்லை. பூச்சு தேய்ந்தால் களிம்பு ஏறும், புளிக்குழம்பு கெடும், மீண்டும் பூச வேண்டும் என்பதை அறிந்தே வாங்கினார்கள். உடல் வேறு, உடை வேறு என்னும் அந்தத் தெளிவு அவர்களிடம் இருந்தது. இன்று கடையில் நாம் இழந்துவிடுவது அந்தத் தெளிவைத்தான்.

முதலில் உடலைப் பாருங்கள்

கடையில் "ஃபினிஷ்" என்று சொல்லப்படுவது உடை மட்டுமே. அதன் கீழுள்ள உடல் பெரும்பாலும் நான்கு வகைகளுள் ஒன்றாக இருக்கும்.

முதலாவது பித்தளை. செம்பும் துத்தநாகமும் கலந்த இவ்வுலோகம் வார்ப்பதற்கும் கடைசல் பிடிப்பதற்கும் இசைவானது, தண்ணீரில் துருப்பிடிப்பதில்லை, முலாமை நன்றாகப் பற்றிக்கொள்ளும். நல்ல குழாய்களுக்கு இன்றும் இதுவே உடல். இரண்டாவது, துத்தநாகத்தை முதன்மையாகக் கொண்ட வார்ப்புக் கலவை. வெளிப்பார்வைக்குப் பித்தளைக் குழாயிலிருந்து இதை வேறுபடுத்த இயலாது. விலை குறைவு. ஆனால், முலாமில் மயிரிழை அளவு வழி கிடைத்தாலும் ஈரம் உள்ளே புகுந்து, துத்தநாகம் அரித்து, மேற்பூச்சு கொப்புளித்துவிடும். மூன்றாவது, ஏபிஎஸ் எனப்படும் பிளாஸ்டிக்கின் மேல் பூசப்படும் குரோமிய முலாம். கைஷவர்களும் தலைக்கு மேலுள்ள அகன்ற ஷவர்களும் பெரும்பாலும் இவ்வகையே. நான்காவது நாம் எவர்சில்வர் என்றழைக்கும் துருப்பிடிக்காத எஃகு.

இவற்றைப் பிரித்தறியப் பெரிய கல்வி வேண்டுவதில்லை. குழாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டில் பித்தளையே கனமாக இருக்கும். பின்புறம் மரை கடைந்த பகுதியைத் திருப்பிப் பாருங்கள். முலாம் படாத இடத்தில் மஞ்சள் தெரிந்தால் பித்தளை. மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகக் கலவையாக இருக்கலாம். உடல் பித்தளையாகவும் கைப்பிடி மட்டும் துத்தநாகக் கலவையாகவும் அமைந்த குழாய்கள் ஏராளம். எனவே கைப்பிடியைப் பற்றியும் சுவரோடு ஒட்டும் வட்டத் தகட்டைப் பற்றியும் தனித்தனியே கேளுங்கள். பிளாஸ்டிக் என்பதாலேயே ஒரு கைஷவரைத் தள்ள வேண்டியதில்லை. முதியவர்களின் கைக்கு அது இலேசானது. ஆனால், அதன் முலாம் உரியத் தொடங்கினால் ஓரம் தகடுபோல் கூர்மையாகி விரலைக் கீறிவிடும். அன்றே மாற்றிவிடுங்கள்.

எவர்சில்வருக்கு வீட்டில் ஒரு சோதனை சொல்வார்கள்: காந்தம் ஒட்டாவிட்டால் அசல் என்று. இது பாதி உண்மையே. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்துச் செய்யப்படும் மலிவான எஃகிலும் காந்தம் ஒட்டுவதில்லை. ஆகவே காந்தத்தை நம்புவதைவிடத் தர எண்ணைக் கேட்பதே சரி. 304 என்பது ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்டது. 316 என்பதில் இரண்டு முதல் மூன்று விழுக்காடு மாலிப்டினமும் சேர்ந்திருக்கும்; உப்பைத் தாங்கும் ஆற்றலை அதுவே தருகிறது.

குரோமிய முலாம்

நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் கண்ணாடி போன்ற வெண்பளபளப்பு குரோமியத்துடையது. 1797இல் பிரெஞ்சு வேதியியலார் வாக்கெலின் இவ்வுலோகத்தைக் கண்டறிந்தார். இதன் சேர்மங்கள் பல நிறங்களில் அமைந்ததால் நிறம் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லே இதற்குப் பெயராயிற்று. குழாய்களுக்கு இம்முலாமைப் பூசும் தொழில் 1920களில்தான் பரவியது. அதற்கு முன்னர் நிக்கல் முலாமே பூசினார்கள். அது நாளடைவில் மஞ்சள் பூத்து மங்கிவிடும்.

இன்றும் நிக்கல் விடைபெற்றுவிடவில்லை. குரோமியத்திற்குக் கீழே மறைந்திருக்கிறது. பித்தளையை வழவழப்பாக மெருகேற்றி, அதன் மேல் நிக்கலைப் பூசி, கடைசியாகக் குரோமியத்தைப் போர்த்துகிறார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் கிடைப்பது ஒரு மைக்ரான். தரமான வேலையில் நிக்கல் எட்டுப் பத்து மைக்ரானோ அதற்கு மேலோ இருக்கும். குரோமியமோ கால் மைக்ரான் அளவுதான். அதாவது, தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு. அழகும் கடினமும் குரோமியத்துடையவை. அரிப்பிலிருந்து காப்பது பெரிதும் நிக்கலுடைய பணி. மலிவான குழாயில் குறைக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாத இந்த நிக்கல்தான். கடை விளக்கின் கீழ் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். வேறுபாட்டைக் காட்டுவது காலம்.

எனினும், நல்ல பித்தளையின் மேல் நன்கு பூசப்பட்ட குரோமியம்தான் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்ற தேர்வு. விலை நடுத்தரமானது. ஒரு பகுதி பழுதானால் அதே நிறத்தில் மற்றொன்று எந்த ஊரிலும் கிடைக்கும். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். பழைய பளபளப்பு திரும்பிவிடும்.

மங்கல் நிறம், கறுப்பு நிறம், பழமை நிறம்

கம்பிக் கோடிட்டதுபோல் மங்கலாகத் தோன்றும் நிக்கல் நிறத்தை இப்போது பலர் விரும்புகிறார்கள். அதில் ஒரு நன்மை உண்டு: நீர்த்துளிகள் காய்ந்த தடமும் விரல் தடமும் எளிதில் தெரியா. சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது வசதியானது. மலிவான காதணி அணிந்தால் காது புண்ணாகும் சகோதரிகள் சிலர் உண்டு. பெரும்பாலும் அது நிக்கல் ஒவ்வாமையே. குழாயைத் தொடும் நேரம் குறைவென்றாலும், அத்தகையோர் உள்ள வீட்டில் நிக்கல் வெளியே தெரியும் பூச்சைவிட, அதனை மூடியிருக்கும் குரோமியமே மேலானது.

பளபளப்பற்ற கறுப்பு நிறம் அண்மைக் கால மோகம். இதில் இரு வகை உண்டு: தூள் பெயிண்டைச் சூட்டில் உருக்கிப் படியவைப்பது ஒன்று, வெற்றிட முறையில் உலோக ஆவியைப் படியவைப்பது மற்றொன்று. முன்னது கீறினால் உட்புறம் தெரியும்; பின்னது உறுதியானது, விலையும் கூடுதல். எந்த வகையாயினும் கடினத் தண்ணீர் உள்ள ஊரில் கறுப்புக் குழாய் வாங்குவது, கறுப்புச் சேலையில் சுண்ணாம்பு தெளித்ததற்கு ஒப்பாகும். ஒவ்வொரு துளியும் வெள்ளைப் புள்ளியாகக் காயும். துடைப்பவர் யார் என்பதைக் குடும்பத் தலைவர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர். அன்றாடம் தேய்ப்பவர் மற்றொருவர். கடைக்குச் செல்லும்போது அந்த மற்றொருவரையும் உடன் அழைத்துச் செல்வதே நீதி.

பழைய பித்தளை போலவும் வெண்கலம் போலவும் தோன்றும் நிறங்களும் உண்டு. அவற்றுட் பலவற்றின் மேல் தெளிந்த வார்னிஷ் போன்ற மெல்லிய பூச்சு இருக்கும். அது தேயும் வரை தோற்றம் மாறாது. தேய்ந்தபின் திட்டுத்திட்டாக மாறும். எந்தப் பூச்சுமற்ற பித்தளையோ காற்றிலும் ஈரத்திலும் தானே கறுக்கும். புளி போட்டுத் துலக்கிப் பழகிய வீட்டுக்கு அதுவும் பொருந்தும். ஆனால் முலாம் பூசிய எந்தக் குழாயையும் புளி போட்டுத் தேய்க்கலாகாது.

பொன்னிறம் கூடுமா?

எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இதுவே. புது வீட்டுக்குப் பொன்னிற ஷவர் பொருத்திய பின்னர், "பொற்பாத்திரம் தடுக்கப்பட்டதாயிற்றே, இதில் குளித்தால் குளிப்பு நிறைவேறுமா?" என்று கலங்குபவர்கள் உண்டு.

பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது உறுதியான செய்தி. ஒளு, குளிப்பு போன்ற பிற பயன்பாடுகளுக்கும் இத்தடை பொருந்தும் என்பதே இமாம்களுள் பெரும்பாலோரின் முடிவு. ஒருவர் அத்தகைய பாத்திரத்திலிருந்து ஒளுச் செய்துவிட்டால் ஒளு நிறைவேறும்; பாத்திரத்தைப் பயன்படுத்திய குற்றம் அவர் மீது நிற்கும் என்றும் அவர்கள் விளக்கியுள்ளார்கள்.

முலாமைப் பற்றியும் நம் முன்னோர்கள் ஆராயாமல் விட்டுவிடவில்லை. வேறு உலோகத்தின் மேல் பொன் பூசப்பட்டிருந்தால், அதை நெருப்பில் காட்டும்போது பொன் ஏதேனும் பிரிந்து திரளுகிறதா என்று பார்க்கச் சொல்கின்றன ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள். திரளுமாயின் அது பொற்பாத்திரத்தின் சட்டத்தைப் பெறும்; எதுவுமே பிரியாத அளவுக்கு மெல்லியதாயின் அதைப் பயன்படுத்தத் தடையில்லை. ஆயினும், பொன் முலாம் பூசும் செயலும் பூசச் சொல்லிக் கூலி கொடுப்பதும் தகாதவை. பிரித்தெடுக்க இயலாத முலாமை ஹனஃபி மத்ஹபினரும் தடுக்கவில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே உடலையும் உடையையும் பிரித்துப் பார்த்துச் சட்டம் வகுத்த அவர்களின் நுணுக்கத்தை எண்ணி வியக்கிறோம்.

இனி இன்றைய குழாய்க்கு வருவோம். கடையில் பொன்னிறமாக மின்னுபவற்றுள் பெரும்பாலானவற்றில் பொன் அணுவளவும் இல்லை. காற்று நீக்கிய அறைக்குள் டைட்டானியம் அல்லது சிர்கோனியம் என்னும் உலோகத்தை ஆவியாக்கி, நைட்ரஜன் வாயுவோடு இணையச் செய்து, குழாயின் மேல் படியவைக்கிறார்கள். அந்தச் சேர்மத்தின் இயல்பான நிறமே பொன்னிறம். துளைபோடும் கருவியின் முனையில் காணப்படும் மஞ்சள் நிறமும் இதுவே. மிகக் கடினமானது, எளிதில் கீறாது, மங்காது. கடைக்காரர்கள் இதனைப் பிவிடி என்பார்கள். இது பொன்னன்று, ஆகவே பொன்னுக்குரிய தடை இதற்கில்லை. ஆனால், "24 காரட் பொன் முலாம்" என்றே பெயர் சொல்லி விற்கப்படும் குழாய்களும் உண்டு. அவற்றை விட்டுவிலகுவதே பேணுதல். உங்கள் பகுதி ஆலிமிடம் பொருளைக் காட்டிக் கேட்பதும் நலம்.

சட்டம் அனுமதித்துவிட்டது என்பதோடு ஒரு முஸ்லிமின் யோசனை முடிந்துவிடுவதில்லை. பொற்பாத்திரத்தைத் தடுத்ததற்கு அறிஞர்கள் கண்ட காரணங்களுள் பெருமையடித்தலும் ஒன்று. விருந்தினர் பார்த்து வியக்க வேண்டும் என்பதற்காக மட்டும் பொன்னிறத்தைத் தேடுபவர், அந்தப் பணத்தில் பித்தளையின் தரத்தை உயர்த்தியிருந்தால் வீட்டாருக்குப் பயன்பட்டிருக்கும்.

உங்கள் ஊர்த் தண்ணீர் என்ன சொல்கிறது?

ஃபினிஷைத் தீர்மானிக்க வேண்டியது கடை விளக்கன்று, உங்கள் ஊர்த் தண்ணீர். சோப்பு நுரைக்க மறுத்தால், வாளியின் விளிம்பில் வெள்ளைப் படலம் தங்கினால், அது கடினத் தண்ணீர். கால்சியமும் மக்னீசியமும் அதில் மிகுந்துள்ளன. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரத்தின்படி, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். குளோரைடு உப்புக்கு இவ்வளவுகள் 250, 1000 ஆகும். இவை குடிநீருக்கானவை என்றாலும் குழாய்க்கும் நல்ல அளவுகோல்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்து அறிந்துகொள்ளலாம். ஷவரின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு செலவுதான்.

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் தண்ணீரோடு காற்றும் உப்பைச் சுமந்து வருகிறது. சன்னல் ஓரக் குழாயில் 304 எவர்சில்வர்கூடப் பழுப்புப் புள்ளி காணும். அங்கே 316 எவர்சில்வர், அல்லது தடித்த நிக்கலோடு கூடிய குரோமியப் பித்தளை, அல்லது பித்தளையின் மேல் வெற்றிட முறைப் பூச்சு ஆகியவையே நிலைக்கும். துத்தநாகக் கலவையை அறவே தவிர்க்க வேண்டும். பாலாற்றுப் படுகையின் நிலை வேறு. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலின் உப்புக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு வழங்கியது. அத்தகைய நீர் வரும் வீட்டில் கறுப்பு நிறத்தையும் கண்ணாடிப் பளபளப்பையும்விட, மங்கல் நிறமே மனநிம்மதி தரும்.

ஷவரின் கண்கள் சுண்ணாம்பால் அடைபடும்போது குண்டூசியால் குத்தாதீர்கள். கண்களில் ரப்பர்க் காம்பு உள்ள ஷவராயின் விரலால் தேய்த்தாலே படிவு உதிர்ந்துவிடும். வாங்கும்போதே அத்தகையதைக் கேளுங்கள்.

ஆசிட் வேண்டாம்

குளியலறையைத் துலக்க ஆசிட் ஊற்றும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குரோமியத்தையே கரைக்க வல்லது. தரையில் ஊற்றினாலும் அதன் புகை எழுந்து குழாயின் மேல் படிந்து பளபளப்பைக் கொல்லும், எவர்சில்வரையும் கறைப்படுத்தும். ப்ளீச்சிங் பவுடர்க் கரைசல் எவர்சில்வரில் ஊசிமுனைத் துளைகளை உண்டாக்கும். இவ்விரண்டையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். சேர்ந்தால் குளோரின் நச்சுவாயு கிளம்பும். அடைத்த சிறு அறையில் அது உயிருக்கே ஆபத்து.

வெள்ளைப் படிவுக்கு, எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்துச் சில நிமிடங்கள் சுற்றிவைத்து, நன்றாகக் கழுவித் துடைத்தால் போதும். வார்னிஷ் பூச்சுள்ள நிறங்களுக்கு அதுவும் வேண்டாம். இலேசான சோப்புத் தண்ணீரே போதுமானது. கம்பி நாரும் தேய்ப்புத் தூளும் எந்த முலாமுக்கும் பகை. எல்லாவற்றிலும் சிறந்த மருந்து ஒன்றுண்டு: குளித்து முடித்தவர் ஒரு சிறு துணியால் குழாயை ஒற்றிவிட்டு வெளியே வருவது. அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

பளபளப்பின் மறுபக்கம்

நம் சுவரில் இருக்கும் குரோமியம் தீங்கற்றது. ஆனால், அதைப் பூசும் தொட்டியில் பெரும்பாலும் பயன்படுவது குரோமியத்தின் நச்சு வடிவம். பாதுகாப்பின்றி அதன் ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் தொழிலாளிக்கு மூக்கின் நடுச்சுவர் துளைபடுவதும் நுரையீரல் புற்றுநோய் வருவதும் மருத்துவம் அறிந்த உண்மைகள். கழிவை நிலத்தில் விட்டால் என்ன நேரும் என்பதற்கு நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. தோல் பதனிடுவதற்கான குரோமிய இரசாயனங்களைச் செய்துவந்து 1990களின் நடுவில் மூடப்பட்ட ஆலையொன்று, இராணிப்பேட்டையில் இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவைக் குவித்துச் சென்றது. அதிலிருந்து கசிந்த குரோமியம் சுற்றுப்புற நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. ஒளுச் செய்யும் குழாய் மின்னுவதற்காக மற்றொரு ஊரின் கிணறு கெடுவதை எந்த முஸ்லிம் விரும்புவார்?

ஐரோப்பிய ஒன்றியம் இந்த நச்சு வடிவத்தின் பயன்பாட்டை 2017 முதல் சிறப்பு அனுமதிக்கு உட்படுத்தியது. தீங்கு குறைந்த மற்றொரு வடிவக் குரோமியத்தாலும் முலாம் பூச முடியும். நிறம் ஒரு சாயல் கறுத்திருக்கும், அவ்வளவே. பூச்சே தேவைப்படாத எவர்சில்வரும் இருக்கிறது. இவற்றைக் கேட்டு வாங்குவோர் பெருகினால் செய்வோரும் பெருகுவர். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு ஆண்டில் தூக்கியெறியும் பத்துக் குழாய்களைவிட, இருபது ஆண்டு உழைக்கும் ஒரு குழாய் மண்ணுக்கும் மனிதருக்கும் செய்யும் தீங்கு குறைவு.

கடைக்குப் போகும் முன்

வாசகர்கள் நினைவில் கொள்வதற்காகச் சுருங்கச் சொல்கிறேன். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். கடையில் நிறத்தைக் கேட்பதற்கு முன் உடலைக் கேளுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாதம் என்றால் ஒழுகலுக்கு மட்டுமா, முலாமுக்கும் சேர்த்தா என்பதை எழுத்தில் பெறுங்கள். ஒரே குளியலறைக்கு வேண்டிய குழாய், ஷவர், துணி மாட்டும் கொக்கி அனைத்தையும் ஒரே நிறுவனத்தில், ஒரே நேரத்தில் வாங்குங்கள். பொன்னிறமும் மங்கல் நிறமும் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். இரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். ஒளுச் செய்யுமிடத்துக் குழாய் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கைகளால் திறக்கப்படுகிறது. அங்கே செலவாவது வக்ஃபுப் பணம். அலங்கார நிறங்களை ஒதுக்கிவிட்டு, கனமான பித்தளையில் குரோமியமோ, தரமான எவர்சில்வரோ பொருத்துவதே அந்த அமானிதத்திற்கு உகந்தது.

கடைசியாக, உலோகத்தைவிட விலைமதிப்புள்ள ஒன்றை நினைவூட்ட வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்தார்கள். ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்தார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நான்கு முத்து ஒரு ஸாவு. இன்றைய அளவில் ஒரு ஸாவு இரண்டரை முதல் மூன்று லிட்டர் வரை வரும். ஒரு சாதாரண ஷவர் நிமிடத்திற்குப் பத்து லிட்டர் வரை கொட்டும். பத்து நிமிடம் நின்றால் நூறு லிட்டர். அண்ணலாரின் முப்பது குளிப்புக்கும் மேலான நீர் அது. ஷவரை வாங்கும்போது வாளியையும் கடிகாரத்தையும் வைத்து அது நிமிடத்திற்கு எவ்வளவு கொட்டுகிறது என்று அளந்து பாருங்கள். குறைவாகக் கொட்டி நிறைவாக நனைப்பதே நல்ல ஷவர்.

மேனியின் பளபளப்பைக் கண்டு மயங்காமல் உள்ளிருப்பதை ஆராயும் பழக்கம் குழாய் வாங்குவதற்கு மட்டும் தேவைப்படுவதன்று. பெண் பார்ப்பதற்கும் மாப்பிள்ளை பார்ப்பதற்கும், முதலில் நம்மை நாமே பார்த்துக்கொள்வதற்கும் தேவைப்படுவது. நம் வீட்டையும் நீரையும் உள்ளத்தையும் தூய்மையாக வைத்திருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.